பிறந்த குட்டியின் பழுப்புக் கொழுப்பில் நரம்பைப் பார்க்க ஏபி152 ஆன்டிபாடி: ஒரு மதிப்பீடு

டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் நொதியைப் பிடிக்கும், முயலில் தயாரான பாலிகுளோனல் (பல ஆன்டிபாடிகளின் கலவையான) ஆன்டிபாடி ஏபி152. முன்பு கெமிகான் பெயரில் வந்தது, பிறகு மில்லிபோர், இப்போது மெர்க். பட்டியல் எண் மட்டும் மாறவில்லை. மூளையில் டோபமைன் செல்களைப் பார்ப்பவர்களுக்கு நெடுநாள் பழக்கமான சரக்கு. இந்த மதிப்பீடு ஒரே ஒரு வேலைக்கானது: பிறந்த நாளிலிருந்து மூன்று வாரம் வரையிலான எலி, சுண்டெலிக் குட்டிகளில், தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே இருக்கும், வெப்பம் உண்டாக்கும் பழுப்புக் கொழுப்புக்குள் பரிவு (சிம்பதெட்டிக்) நரம்புகள் படர்வதைக் காட்ட இது போதுமா?

போதும். இந்த வேலைக்கு முதலில் வாங்க வேண்டியது இதுதான் என்றே சொல்வோம். ஆனால் இந்தத் திசுவில் கெட்டுப்போகும் படங்களில் பெரும்பாலானவை ஆன்டிபாடியால் கெடுவதில்லை, திசுவின் இயல்பால் கெடுகின்றன. படம் நன்றாக வந்த பிறகும் அது சொல்லாததை அதன் மேல் ஏற்றிப் படிப்பது அதைவிடப் பெரிய தவறு. அதனால் ஆன்டிபாடியைவிடக் கொழுப்பைப் பற்றித்தான் கீழே அதிகம் எழுத வேண்டியிருக்கிறது.

குளிர்பட்ட குட்டி பழுப்புக் கொழுப்பைக் கொண்டு நடுங்காமலே வெப்பம் உண்டாக்குகிறது. மூளையின் கட்டளை தண்டுவடம் வழியாக ஸ்டெல்லேட் நரம்பு முடிச்சுக்கும் அதற்குக் கீழே உள்ள மேல் மார்பு முடிச்சுகளுக்கும் வருகிறது. அங்கிருந்து பக்கத்துக்கு ஐந்து சிறு நரம்புக் கிளைகள் விலா இடை நரம்புகளோடு வந்து கொழுப்புக்குள் நுழைகின்றன. இழை முனையில் வெளியாகும் நாரட்ரினலின், பழுப்புக் கொழுப்புச் செல்லின் பீட்டா-3 ஏற்பியில் அமர்கிறது. செல்லுக்குள் கொழுப்பு உடைந்து கொழுப்பமிலங்கள் வருகின்றன. அவை மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் உள்ள யூசிபி1 புரதத்தைத் திறந்துவிடுகின்றன. செல்லின் எரிபொருளான ஏடிபி ஆக வேண்டிய ஆற்றல் வெப்பமாகிறது. பிறந்த முயல் குட்டியில் இந்த வெப்பத்தைப் பரிவு நரம்பே ஆள்கிறது என்பதை ஹல், செகால் இருவரும் 1965-லேயே காட்டிவிட்டார்கள்.

நாரட்ரினலின் தயாராகும் வரிசையில் முதல் படியும், வேகத்தை முடிவுசெய்யும் படியும் டைரோசின் ஹைட்ராக்சிலேஸ்தான். அதனால் அந்த நொதியைத் தேடினால் பரிவு நரம்பு தெரியும். இதற்கு முன்பு 1960-களிலிருந்து ஃபார்மால்டிஹைடு ஆவியிலும், பின்னர் கிளையாக்சிலிக் அமிலத்திலும் நாரட்ரினலினையே ஒளிரவைத்துப் பார்த்தார்கள். அழகான முறை, ஆனால் ஒளி சீக்கிரம் மங்கும், அதே திசுச் சீவலில் இன்னொரு புரதத்தைச் சேர்த்துப் பார்ப்பது கடினம். ஆன்டிபாடி முறை அந்த இரண்டு தொல்லையையும் தீர்த்தது.

முதலில் இனத்தைப் பாருங்கள்

வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி, எந்த விலங்கின் குட்டி என்பதே. எலி, சுண்டெலி என்றால் முயல் ஆன்டிபாடி மிகப் பொருத்தம். இதே நொதிக்கு எம்ஏபி318 என்ற சுண்டெலி மோனோகுளோனலும் (ஒரே வகை ஆன்டிபாடி மட்டும் கொண்டது) கிடைக்கிறது. மோனோகுளோனல் என்பதால் தொகுதிக்குத் தொகுதி மாறாது என்று அதை எடுக்கத் தோன்றும். சுண்டெலிக் குட்டியில் எடுக்காதீர்கள். பால் குடிக்கும் வயதில் எலி, சுண்டெலிக் குட்டிகளின் குடல் தாயின் ஐஜிஜி-யை (ஆன்டிபாடிகளின் முக்கிய வகை) அப்படியே இரத்தத்துக்குள் ஏற்றுகிறது, ஏறத்தாழ பால் மறக்கும் வரை. பழுப்புக் கொழுப்போ இரத்த நுண்குழாய்கள் நெருக்கமாக ஓடும் திசு. சுண்டெலி ஐஜிஜி-யைப் பிடிக்கும் செகண்டரியை (முதல் ஆன்டிபாடியான ப்ரைமரியைப் பிடித்து ஒளிரும் இரண்டாவது ஆன்டிபாடி) போட்டால் குழாய்கள் எல்லாம் மின்னும். நரம்பும் பெரும்பாலும் குழாயை ஒட்டியே ஓடுவதால் அந்த மின்னலை நரம்பு என்று நம்பிவிட வாய்ப்பு அதிகம்.

முயல் குட்டிதான் இந்தத் துறையின் பழைய மாதிரி விலங்கு. அதில் ஏபி152 பயன்படாது, காரணம் அதே. முயல் ஐஜிஜி-யைப் பிடிக்கும் செகண்டரி முயலின் சொந்த ஐஜிஜி-யையே பிடிக்கும். முயல் குட்டிக்குத் தாயின் ஐஜிஜி கருவிலேயே வந்துவிடுவதால், பிறந்த நாளன்று எடுத்தாலும் தப்ப முடியாது. அங்கே இதே நொதிக்குச் செம்மறியில் தயாரான ஏபி1542 எடுக்க வேண்டும். செம்மறிக் குட்டியின் சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பைப் பார்ப்பவர்களுக்கு நேர்மாறு: ஏபி1542 கூடாது, ஏபி152 சரி. சீம்பாலில் குட்டிக்குள் போகும் ஐஜிஜி-யின் அளவை நினைத்தால் காரணம் விளங்கும்.

திசு எடுப்பது

பிறந்த குட்டியில் தோள்பட்டைக் கொழுப்பு இரண்டு மடல்களாக, தோலின் கீழ் உடனே தெரியும். குட்டியின் தோல் மெலிந்திருப்பதால் கண்டுபிடிப்பதில் சிரமமில்லை, தோலை முழுக்க உரித்துவிடாமல் எடுப்பதில்தான் சிரமம். ஒட்டியிருக்கும் தோலை அகற்றியே ஆக வேண்டும். முடியுள்ள தோலில் தொடு உணர்வு தரும் ஒருவகை உணர்வு நரம்புகளிலும் இதே நொதி உண்டு. தோல் துணுக்கு படத்தில் வந்தால் பரிவு நரம்பு அல்லாததையும் எண்ணிவிடுவீர்கள். மடல்களின் அடிப்பக்கத்தில் நடுவே பெரிய சிரை ஒன்று ஓடுகிறது. அதைக் கிழித்தால் இரத்தம் பரவித் திசு முழுவதும் தானாக ஒளிரும்.

இதயம் வழியாக முதலில் பஃபர், பிறகு 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடு செலுத்துவது நல்லது. பிறந்த நாள் குட்டிக்கு 30 கேஜ் ஊசி, கையால் மெல்லத் தள்ளினால் போதும். அழுத்தம் கூடினால் நுண்குழாய்கள் வெடிக்கும். முடியாதபோது மடலை வெட்டி நேராக 4 சதவீதத்தில் 4 டிகிரியில் ஓர் இரவு வைக்கலாம். துண்டு சிறியது என்பதால் வேதிப்பொருள் உள்ளே போய்விடும். ஆனால் இரத்தச் சிவப்பணுக்கள் உள்ளேயே தங்கும், அதன் தொல்லை பின்னால் வரும். பல நாட்கள் ஃபார்மலினில் கிடந்த திசுவில் மெல்லிய இழைகள் முதலில் மறைகின்றன, தடித்த கட்டுகள் மட்டும் தெரிகின்றன. குட்டியில் நரம்பு குறைவு என்ற தவறான முடிவுக்கு இது நேரடிப் பாதை.

30 சதவீத சர்க்கரைக் கரைசலில் திசு மூழ்கினால் தயார் என்பது மூளைக்கான விதி. கொழுப்பு மிதந்துகொண்டேதான் இருக்கும், அதனால் மூழ்கக் காத்திராமல் ஒரு முழு இரவு என்று கணக்கு வையுங்கள். கிரையோஸ்டாட்டை (உறைந்த திசுவைச் சீவும் கருவி) மூளைக்கு வைக்கும் மைனஸ் 20-இல் வைத்தால் கொழுப்பு நசுங்கிச் சுருளும். மைனஸ் 28, 30 வரை இறக்குங்கள். பிறந்த நாள் மடல் கெட்டியாக வெட்டுப்படும். பால் குடித்துக் கொழுப்புத் துளிகள் நிறைந்த 10 நாள் மடல்தான் அடம் பிடிக்கும்.

சீவலின் தடிமன் 30 முதல் 40 மைக்ரான். பாரஃபின் கட்டையில் 5 மைக்ரான் சீவலைப் பரிந்துரைக்க மாட்டோம். நரம்பு இழை சீவலுக்குக் குறுக்கே ஓடும்போது வெறும் புள்ளியாகத் தெரியும். புள்ளி நரம்பா குப்பையா என்று சொல்ல வழியில்லை.

சாயமேற்றும் முறை

சீவல்களை மிதக்கவிட்டே செய்யுங்கள். 0.3 சதவீத ட்ரைட்டன் கலந்த பஃபரில் 5 முதல் 10 சதவீத டாங்கி (கழுதை) சீரம், 1 மணி நேரம். ஏபி152, 1:1000 அளவில், 4 டிகிரியில் ஓர் இரவு போதும் என்பார்கள். கொழுப்பில் இரண்டு இரவு கொடுத்தால் உட்பகுதி இழைகள் தெளிவாகின்றன. மூன்று முறை, ஒவ்வொன்றும் 10 நிமிடம் கழுவல். டாங்கி ஆன்டி-ரேபிட் செகண்டரி (கழுதையில் தயாராகி முயல் ஐஜிஜி-யைப் பிடிப்பது) 1:500, 2 மணி நேரம், இருட்டில். மற்ற இனங்களின் ஐஜிஜி-க்கு எதிராக நன்கு உறிஞ்சி எடுக்கப்பட்ட வகை செகண்டரியாக இருக்கட்டும், தாயின் ஐஜிஜி இங்கும் எட்டிப்பார்க்கும்.

இரண்டு எச்சரிக்கைகள் மிக முக்கியம்.

ஒன்று, பயோட்டின் என்ற வைட்டமின். பழுப்புக் கொழுப்பு மைட்டோகாண்ட்ரியா நிறைந்த திசு, கொழுப்பமிலம் கட்டும் வேலையும் அங்கே பலமாக நடக்கிறது. பைருவேட் கார்பாக்சிலேஸ், அசிட்டைல்-கோஏ கார்பாக்சிலேஸ் போன்ற நொதிகள் பயோட்டினைச் சுமந்திருக்கின்றன. அவிடின் என்ற புரதம் பயோட்டினைப் பிடிப்பதைக் கொண்டு நிறமேற்றும் அவிடின்-பயோட்டின் முறையில் பழுப்பு நிறம் வரவைத்தால் ப்ரைமரியே போடாத சீவலும் முழுவதும் பழுப்பாகும். இதைப் பார்த்து ஆன்டிபாடி மோசம் என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். குற்றம் ஆன்டிபாடியின் மேல் இல்லை. அவிடின், பயோட்டின் தடுப்புப் படிகளைச் சேருங்கள், அல்லது பயோட்டினே இல்லாத பாலிமர் முறைக்கு மாறுங்கள். பெராக்சிடேஸ் பயன்படுத்துவதானால் அந்தக் கரைசலில் சோடியம் அசைடு இருக்கக் கூடாது, நொதி செத்துப்போகும்.

இரண்டு, தன்னொளிர்வு, அதாவது சாயமில்லாமலே திசு தானாக ஒளிர்வது. மைட்டோகாண்ட்ரியாவின் ஃப்ளேவின்கள் பச்சையில் ஒளிர்கின்றன. பச்சைச் சாயத்தை நரம்புக்குக் கொடுத்தால் செல்லும் நரம்பும் ஒன்றாகத் தெரியும். நரம்புக்கு 647 வகைத் தொலைசிவப்புச் சாயத்தை ஒதுக்குங்கள். பச்சையைப் பெரிலிபின் (கொழுப்புத் துளிகளைச் சுற்றியிருப்பது) போன்ற அடர்ந்த புரதத்துக்கு விடலாம். தன்னொளிர்வை அடக்க சூடான் பிளாக் போடும் பழக்கம் மூளைச் சீவல்களில் சரி. அது கொழுப்பைப் பிடிக்கும் சாயம் என்பதை மறந்து இங்கே போட்டால் துளிகள் எல்லாம் கறுத்து, அடியில் இருப்பதை மறைக்கும்.

முழு மடலாகப் பார்ப்பது

இந்த ஆன்டிபாடி தன் விலைக்கு உரிய மதிப்பைக் காட்டுவது இங்கேதான். எஸ்டிஎஸ் என்ற சோப்பு போன்ற பொருளைப் போட்டு உருக்குலைத்த நொதியைக் கொடுத்து உண்டாக்கிய ஆன்டிபாடி இது, மூலம் எலியின் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற அட்ரீனல் கட்டி. அதனால் மெத்தனாலில் புரதம் உருமாறினாலும் அடையாளம் தெரிந்துகொள்கிறது. திசுவை முழுதாகச் சாயமேற்றிக் கண்ணாடிபோலத் தெளியவைக்கும், 2014-இல் வெளியான ஐடிஸ்கோ முறையிலும் அதன் பின்வந்த திருத்தத்திலும் நன்றாக வேலை செய்கிறது. முதிர்ந்த எலியில் மடலைத் துண்டாக்க வேண்டியிருக்கும். பிறந்த குட்டியின் மடல் சில மில்லிமீட்டர்தான், முழுதாகவே தெளியும்.

மெத்தனால் 20, 40, 60, 80, 100 சதவீதம், ஒவ்வொன்றிலும் 1 மணி. இரண்டு பங்கு டைகுளோரோமீத்தேன், ஒரு பங்கு மெத்தனால் கலவையில் ஓர் இரவு. இதில்தான் கொழுப்பு கழன்று போகிறது. மெத்தனாலில் கழுவி, மெத்தனாலில் கலந்த 5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் 4 டிகிரியில் ஓர் இரவு. செலுத்தாமல் எடுத்த திசுவின் இரத்த நிறம் இங்கே வெளுக்கும், ஆனால் முழுவதும் போகாது. படிப்படியாக நீருக்குத் திரும்பி, ட்ரைட்டன், 20 சதவீத டிஎம்எஸ்ஓ, 0.3 மோலார் கிளைசின் கொண்ட கரைசலில் 37 டிகிரி. பிறகு சீரம் தடுப்பு. ப்ரைமரியை 1:200 முதல் 1:500 வரை, ஹெபாரின் சேர்ந்த ட்வீன் பஃபரில், 37 டிகிரியில் 3 முதல் 4 நாள். ஒரு நாள் முழுக்கக் கழுவல். செகண்டரி அதே அளவு நாள். மறுபடி மெத்தனால், டைகுளோரோமீத்தேன், கடைசியில் டைபென்சைல் ஈத்தர்.

கெடும் இடங்கள் மூன்று. டைகுளோரோமீத்தேன் பாலிஸ்டைரீனைக் கரைக்கும், கண்ணாடிக் குப்பி அல்லது பாலிப்ரொப்பிலீன் மட்டுமே. டைபென்சைல் ஈத்தர் காற்றோடு சேர்ந்து கெட்டு ஒளிரும் சாயத்தை அழிக்கும், குப்பியை வாய்வரை நிரப்பி மூடுங்கள். நச்சு குறைவாக வேண்டுமென்றால் கடைசிப் படிக்கு எத்தில் சின்னமேட் நல்ல மாற்று. மூன்றாவது: சாயம் மேற்பரப்பில் பளிச்சென்றும் நடுவில் இருட்டாகவும் வந்தால் நடுவில் நரம்பில்லை என்று எழுதிவிடாதீர்கள், ஆன்டிபாடி வெளியிலேயே தீர்ந்துபோயிருக்கிறது. நாளைக் கூட்டுங்கள், பாதி நாளில் புது ஆன்டிபாடி சேருங்கள். கொழுப்பு கழன்றுவிடுவதால் பாடிபி போன்ற கொழுப்புச் சாயங்களை இந்த முறையோடு சேர்க்க முடியாது.

படம் சொல்வதும் சொல்லாததும்

நல்ல படத்தில் இரண்டு வகை இழைகள் தெரியும். தமனிகளைச் சுற்றிப் பின்னியவை ஒரு வகை, கொழுப்புச் செல்களுக்கு நடுவே மணி கோத்தாற்போல முண்டு முண்டாக ஓடுபவை இன்னொரு வகை. ஏபி152 இரண்டையும் ஒரேபோல் காட்டும், பிரித்துச் சொல்லாது. எலியின் இந்தக் கொழுப்பில் நியூரோபெப்டைடு ஒய் என்ற நரம்புச் சிறுபுரதம் முக்கியமாகக் குழாய் நரம்புகளில்தான் இருக்கிறது. அதற்கு வேறொரு விலங்கில் தயாரான ஆன்டிபாடியைக் கூடச் சேர்த்தால் பிரித்துவிடலாம். குட்டிகளில் இந்தப் பிரிப்பு இல்லாமல் முடிவு எழுதவே கூடாது. பிறந்த நேரத்தில் உள்ளே இழைகள் இருக்கும். ஆனால் செல்களை நெருங்கிச் சூழும் அடர்ந்த வலை பிறகு வரும் வாரங்களில்தான் நிரம்புகிறது. மொத்தப் பரப்பில் எவ்வளவு சாயம் என்று மட்டும் அளந்தால் குழாயைச் சுற்றிய இழை அந்த வளர்ச்சியை மூடிவிடும்.

அடுத்தது, அளவுகோல். குட்டி பால் குடிக்கக் குடிக்கச் செல்கள் கொழுப்பேறிப் பெரிதாகின்றன. நரம்பின் நீளம் அப்படியே இருந்தாலும் சதுர மைக்ரானுக்கு எவ்வளவு என்ற எண் குறையும். வயதுகளை ஒப்பிடும்போது செல் உட்கருக்களின் எண்ணிக்கைக்கு எவ்வளவு நீளம் என்று கணக்கிடுங்கள். முழு மடல் முறையில் கரைப்பான்கள் திசுவைச் சுருக்குவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதைவிட ஆழமான சிக்கல், நொதியின் அளவு நிலையானதல்ல என்பது. குளிரில் நரம்பு வேலை செய்யச் செய்ய நொதி கூடும். ஆய்வகத்தின் சாதாரண 22 டிகிரி, கூட்டிலிருந்து பிரிந்த குட்டிக்குக் கடும் குளிர். தாயின் வயிற்றோடும் உடன்பிறப்புகளோடும் ஒட்டிக் கிடந்த குட்டியும், ஓரத்தில் தனியே கிடந்த குட்டியும் ஒரே வயதாக இருந்தாலும் ஒரே அனுபவத்தோடு வரவில்லை. ஓர் ஈற்றில் எத்தனை குட்டி என்பதை எல்லாக் கூண்டிலும் சமமாக வைக்காமல் சாயத்தின் பிரகாசத்தை ஒப்பிடுவது வீண். இழை எத்தனை என்று தெரிய, பிஜிபி9.5 அல்லது பீட்டா-3 டியூபுலின் போல எல்லா நரம்பையும் காட்டும் ஒன்றை அருகில் வையுங்கள். அதில் உணர்வு நரம்புகளும் வரும், அவற்றை உணர்வு நரம்புகளில் இருக்கும் சிஜிஆர்பி பிரித்துக் காட்டும். இழை உண்மையிலேயே நாரட்ரினலின் வெளியிடுகிறதா என்பதை எந்த ஆன்டிபாடியும் சொல்லாது. அதற்கு இந்த நொதியைத் தடுக்கும் ஆல்ஃபா-மெத்தில்-பாரா-டைரோசின் கொடுத்து, நாரட்ரினலின் குறையும் வேகத்தை அளக்க வேண்டும்.

நரம்பும் வெப்பமும் ஒரே நாளில் வருவதில்லை என்பதற்குச் சிரியன் ஹாம்ஸ்டர் நல்ல எடுத்துக்காட்டு. 16 நாள் கருவிலிருந்து பிறக்கும் அதன் குட்டி யூசிபி1 இல்லாமலே பிறந்து, ஏறத்தாழ இரண்டு வாரம் வரை குளிருக்கு வெப்பம் உண்டாக்க முடியாமல் இருக்கிறது. எலிக் குட்டியோ பிறக்கும்போதே இயங்கும் பழுப்புக் கொழுப்போடு வருகிறது. ஹாம்ஸ்டரில் நரம்பை மட்டும் பார்த்து வெப்பத்தை ஊகிக்க முடியாது, யூசிபி1-ஐயும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பன்றிக்குட்டியில் அந்த மரபணுவே பழுதாகிக் கிடக்கிறது, அது நடுங்கித்தான் சூடேற்றிக்கொள்கிறது.

நரம்பைத் தன்னிடம் அழைப்பதில் கொழுப்புச் செல்லுக்கும் பங்கு உண்டு. பிறந்த சுண்டெலிக்கு என்ஜிஎஃப் (நரம்பு வளர்ச்சிக் காரணி) எதிர்ப்பொருள் கொடுத்தால் பரிவு முடிச்சுகளே அழிகின்றன என்று லெவி-மொன்டால்சினியின் குழு 1960-இல் காட்டியது. பழுப்புச் செல் வெளியிடும் எஸ்100பி புரதம் நரம்பை வளர்க்கிறது, அதை வெளியேற்றக் கால்சின்டெனின்-3 பீட்டா என்ற இன்னொரு புரதம் உதவுகிறது என்பது 2019-இல் வந்த செய்தி. இப்படிப்பட்ட காரணிகளை நீக்கிய குட்டிகளை ஒப்பிடவே இன்று பலரும் ஏபி152 வாங்குகிறார்கள். மேலே சொன்ன அளவுகோல் பிரச்சினை அவர்களுக்குத்தான் முதன்மையாகப் பொருந்தும். காரணியை நீக்கியதால் செல்லின் கொழுப்பே கூடியிருந்தால், நரம்பு குறைந்தது என்ற முடிவு கணக்குப் பிழையாகவே இருக்கக்கூடும்.

சோதனைக் கட்டுப்பாடுகள்

ப்ரைமரி இல்லாத சீவல் ஒன்று, எப்போதும். அதே குட்டியின் அட்ரீனல் சுரப்பியைக் கூடவே எடுத்துவையுங்கள். அதன் நடுப்பகுதி பளிச்சென்று வரவில்லை என்றால் அன்றைய கொழுப்புப் படம் எதையும் நம்ப வேண்டாம். எதிர்க்கட்டுப்பாட்டுக்கு, பரிவு நரம்பை அழிக்கும் 6-ஹைட்ராக்சிடோபமைன் கொடுத்த குட்டி. இழைகள் மறைய வேண்டும், மறையாமல் மிஞ்சுவது பின்னணி. கொழுப்பிலுள்ள மேக்ரோஃபேஜ்களும் (ஒருவகை நோயெதிர்ப்புச் செல்கள்) நாரட்ரினலின் செய்கின்றன என்று 2011-இல் ஒரு கருத்து வந்தது. 2017-இல் வந்த ஆய்வு அதை மறுத்தது. உங்கள் படத்தில் உருண்டைச் செல்கள் ஒளிர்ந்தால் முதலில் தன்னொளிர்வையே சந்தேகியுங்கள்.

அரைத்த திசுவின் புரதங்களை எடைவாரியாகப் பிரித்துப் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட்டில் பட்டை 60 கிலோடால்டன் அருகே வரும். பிறந்த நாள் மடலில் நரம்பின் பங்கு மிகச் சிறியது, மொத்தப் புரதத்தில் அது கரைந்துபோகிறது. 40, 50 மைக்ரோகிராம் ஏற்றினால்தான் தெரியும். இடத்தைச் சொல்லாத இந்த எண்ணுக்காக விலையுயர்ந்த ஆன்டிபாடியைச் செலவழிப்பதைவிட அந்தக் குட்டியைச் சீவலுக்கு ஒதுக்குவதே மேல் என்பது எங்கள் எண்ணம்.

வாங்குபவர்களுக்கு

பாலிகுளோனல் என்பதால் தொகுதி மாறும்போது வீரியம் மாறும். ஒரு ஆய்வு முழுவதற்கும், பிறந்த நாள் முதல் 21-ஆம் நாள் வரை எல்லா வயதுக்கும், ஒரே தொகுதி எண்ணில் வாங்குங்கள். எல்லா வயதுச் சீவல்களையும் ஒரே நாளில் ஒரே கரைசலில் சாயமேற்றுங்கள். புதுக் குப்பி வந்ததும் 1:250, 1:500, 1:1000, 1:2000 என்று அட்ரீனலிலும் கொழுப்பிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 5 அல்லது 10 மைக்ரோலிட்டராகப் பிரித்து உறையவைத்து, உருக்கியதை மறுபடி உறையவைக்காமல் 4 டிகிரியில் வைத்துத் தீர்க்க வேண்டும். தானே பனி உருக்கும் வீட்டு ஃப்ரீசர் வகை கூடாது, அதன் சூடும் குளிரும் மாறி மாறி ஆன்டிபாடியைக் கெடுக்கும்.

இந்தியாவில் இறக்குமதிக்கு வாரக்கணக்கில் ஆகலாம், குட்டிகள் அதற்காகக் காத்திருக்காது. குப்பி கைக்கு வந்து, அட்ரீனலில் சரிபார்த்த பிறகே இனச்சேர்க்கைக் கூண்டுகளைத் தொடங்குங்கள். விலங்கு நெறிக்குழு விண்ணப்பத்தில் தாய்களின் எண்ணிக்கையோடு குட்டிகளின் எண்ணிக்கையையும் வயதுவாரியாக எழுதுங்கள். 6-ஹைட்ராக்சிடோபமைன் குட்டிகளையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டால் பாதி வழியில் திருத்த அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்காது.